நோர்வே கண்ட கனவு

வாழ்க்கைத்தரப் பட்டியல் வெளியாகிற வாரத்தில் எங்கள் வீட்டில் சண்டை நிச்சயம். வீடு என்று சொன்னாலும் அது மூன்று நாடுகளில் இருக்கிறது. அண்ணன் குகநேசன் சூரிச்சில், தங்கை சுகிர்தா ரொறொன்ரோவில், நான் வடக்கு நோர்வேயில் ஒரு மீன்பிடி ஊரில். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் ஒன்றுகூடுவோம். உலகத்தில் நன்றாக வாழ்கிற நாடு எது என்று யாராவது அறிவித்துவிட்டால் போதும், ஏதோ அந்த நாட்டைத் தங்கள் கையால் கட்டியெழுப்பியது போல ஆளுக்காள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள்.

"இந்தமுறையும் நாங்கள்தான் முதலாவது," என்றார் அண்ணன்.

"நாங்கள் எண்டால் ஆர்? எங்கட ஊர் நல்லூரோ?" என்று கேட்டேன்.

"சுவிஸ்," என்றார், சிரிக்காமல்.

முன்பென்றால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பொதுக்கனவுக்குள் போனபிறகு அவர் சிரிப்பதற்கும் நேரம் ஒதுக்கிவைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எங்களோடு கதைக்கிற ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குள் வராது போலும்.

பொதுக்கனவு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடுகளுக்கு ஒரு காலத்தில் ஒரு வருத்தம் வந்தது. வேலை இருந்தது, நல்ல ஆஸ்பத்திரி இருந்தது, குடிக்கிற தண்ணீர் குழாயிலேயே வந்தது, நித்திரை மட்டும் வரவில்லை. தனித்தனி வீடுகளில் தனித்தனியாக முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். மாத்திரைகள் கைவிட்ட இடத்தில் ஒரு தலையணை கைகொடுத்தது. இரவில் அதில் தலைவைத்தால் நாட்டில் எல்லோருக்கும் ஒரே கனவு வரும். எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருப்பார்கள். எந்த இடம் என்பதை ஒவ்வொரு நாடும் தன் குணத்துக்கு ஏற்றபடி தெரிவு செய்துகொண்டது.

சுவிஸ்காரருக்கு ஏரிக்கரையில் ஒரு ரயில் நிலையம். சொன்ன நேரத்துக்கு ரயில் வரும், ஏறுகிற எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை கிடைக்கும். யப்பானில் வயல்களுக்கு நடுவே ஒரு சின்னப் பாலத்தை நாடே சேர்ந்து துடைத்துக்கொண்டிருக்குமாம், விடிகிறபோது பாலம் பளபளவென்று இருக்குமாம். ஜெர்மனியில் யார் என்ன குறை சொன்னாலும் ஒருவர் பொறுமையாகக் கேட்டுத் திருத்திக் கொடுப்பாராம். கனடாவில் ஒரு பெரிய வாசல். ஆளுக்காள் கதவைப் பிடித்துக்கொண்டு நீங்கள் முதலில் போங்கள் என்பார்கள். விடியும்வரை ஒருவரும் உள்ளே போவதில்லை, எல்லோருக்கும் அதில் பரம சந்தோஷம்.

நோர்வேயின் கனவு ஒரு மரக்குடில். வெளியே பனி, உள்ளே நெருப்பு, சுவரோரமாக நீண்ட மர வாங்குகள். வாங்குகளில் நாடு முழுக்க உட்கார்ந்து கோப்பி குடிக்கும். ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இதற்கு ஒரு கனவு தேவையா, பேருந்தில் ஏறினாலே இதைத்தானே பார்க்கிறோம் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். அத்தனை பேரும் ஒரு குடிலுக்குள் எப்படி அடங்குவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கனவில் இடப்பிரச்சினை கிடையாது.

எல்லா நாட்டிலும் மனிதர்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்தார்கள். ஒரே ஒரு விஷயம். பொதுக்கனவுக்குள் போனவர்களுக்கு அதன்பிறகு சொந்தக் கனவு வருவதில்லை.

எனக்குச் சொந்தமாக ஒரு கனவு இருந்தது. அதை விட மனமில்லாமல்தான் அரசாங்கம் தந்த தலையணையை உறைகூடப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே போட்டுவைத்திருந்தேன்.

என் கணவர் பெயர் தேவராசன். மீன் தொழிற்சாலை வேலைக்கு விசா கிடைத்து நான் முன்னால் வந்தேன். இவருடைய அப்பா, என் மாமா, படுத்தபடுக்கையாக இருந்ததால் இவர் ஊரிலேயே நின்றார். மாமா கண்ணை மூடியபோது குடும்பத்தைக் கூப்பிடுகிற வழி அடைபட்டுப்போயிருந்தது. யாரோ ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்துப் படகுக்குப் போனார். ஏறுவதற்கு முன் போனில், "உன்ர ஊரின்ர பேரை இன்னொருக்காச் சொல்லு," என்றார். இந்த ஊரின் பெயர் எங்கள் வாய்க்குள் சுலபமாக நுழையாது. துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பாடமாக்கித் திருப்பிச் சொன்னார். "சரி, இனிப் பிடிச்சிடுவன்," என்றார். அதற்குப் பிறகு அந்தப் படகைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கரை சேர்ந்தது என்று சொல்லவும் ஆளில்லை, கடலில் மூழ்கியது என்று சொல்லவும் ஆளில்லை.

ஆனால் கனவில் வந்தார். வாசலில் கழற்றிப்போட்ட சப்பாத்துகளுக்கு நடுவே நிற்பார். நான் அடுப்படியில் ஏதாவது கிண்டிக்கொண்டிருப்பேன்.

"இஞ்சேருங்கோ, கை கழுவிப்போட்டு இருங்கோ, சோறு போடுறன்," என்பேன்.

"வேண்டாம். நான் சாப்பிட்டிட்டன்," என்பார்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவுதான். விழித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வரும். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு நம்பிக்கை உண்டு. செத்தவர்கள் கனவில் வந்தால் சாப்பாடு கேட்பார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் அதைச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்து, பசித்த ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அம்மா செத்த வருடம் சுகிர்தாவின் கனவில் வந்து பிட்டும் மாம்பழமும் கேட்டா. அவள் ரொறொன்ரோ முழுக்க மாம்பழத்துக்கு அலைந்து, காகம் கிடைக்காமல் ஓர் அணிலுக்கு வைத்துவிட்டு, அம்மா கோவிப்பாவோ என்று என்னைக் கூப்பிட்டு அழுதாள். அது தலையணைக்கு முந்திய சுகிர்தா.

ஆகவே நான் பொட்டு வைக்கலாமா கூடாதா என்பது அந்த ஒரு சொல்லில் நின்றது. அவர் சாப்பிட்டிட்டன் என்று சொல்லச்சொல்ல நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சட்டம் வந்தது. நிரந்தரமாக இருக்க விரும்புகிறவர்கள் ஒரு வருடம் பொதுக்கனவில் இருந்தாக வேண்டும். கனவு காணாதவர்கள் விசா முடிந்ததும் வெளிக்கிட வேண்டியதுதான்.

"தலைகாணியைப் போட்டுக்கொண்டு படு. இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் அண்ணன்.

"அவர் வரமாட்டார், அண்ணை."

"எனக்கும் இப்ப அம்மா வாறேல்லைத்தான். ஆனா ரயில் வருது."

பகிடிக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நல்ல நித்திரை கொண்ட, எந்தக் குறையும் இல்லாத முகம். அம்மாவின் செத்தவீட்டில் நிலத்தில் உருண்டு அழுத மனிதர் அவர். எனக்குப் பயமாக இருந்தது.

"சொறி அக்கா," என்றாள் சுகிர்தா. புருஷனோடு கோப்பை எறிந்து சண்டை பிடித்தவள் இப்போது தும்முவதற்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறாள். "ஒண்டு சொன்னாக் குறை நினைக்கமாட்டியளே? அத்தான் உயிரோட இருக்கிறார் எண்டுதானே இருக்கிறியள். அப்ப ஒருநாள் வருவார். அவருக்குத் தெரிஞ்ச ஒரே இடம் உங்கட ஊர். வந்து பாக்கேக்க நீங்கள் அங்க இல்லாட்டி அவர் எங்க போறது? சொறி அக்கா."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணனின் முகம் திரையிலிருந்து மறைந்தது. எங்களோடு கதைக்க அவர் ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது.

சுகிர்தா சொன்னதில் பிழை கண்டுபிடிக்கப் பல நாள் முயன்றேன். முடியவில்லை. கனவை வைத்துக்கொண்டால் இந்த ஊரை விடவேண்டும். ஊரை வைத்துக்கொண்டால் கனவை விடவேண்டும். இரண்டிலும் வருகிறவர் ஒரே மனிதர். உயிரோடு இருக்கிறார் என்று நான் மெய்யாகவே நம்பினால் இந்த ஊர் வாசலைத்தான் வைத்திருக்க வேண்டும், இல்லையா?

பொதுக்கனவைக் கவனிக்கிற அரசாங்க அலுவலகமான கனவுக் கந்தோரில் ஹோக்கொன் என்கிற இளம் அதிகாரி இருந்தார். முதலில் கோப்பி தந்தார். அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என்ர கனவு எங்க போகும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகாது. அடியில கிடக்கும். பனி விழுந்து மூடினாப்போல நிலம் இல்லாமப் போறதில்லைத்தானே."

"திருப்பி வருமோ?"

"உங்களிட்ட வராது." சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா புதுசா வாற ஒவ்வொருத்தரிட்ட இருந்தும் ஏதோ ஒண்டு குடிலுக்க வந்து சேரும். எது எண்டு நாங்கள் தெரிவு செய்யிறேல்லை. அவையின்ர ஆழத்தில என்ன கிடக்கோ அது. போலந்துக்காரர் வந்தாப்பிறகு குடிலுக்க பாண் சுடுற வாசம் வருது. பிலிப்பைன்ஸ் பிள்ளையள் வந்தாப்பிறகு சில நாளில கூரையில மழை கேக்குது. பனிக்குள்ள என்ன மழை எண்டு முதல் கொஞ்சப் பேர் குறை சொன்னவை. இப்ப மழை இல்லாட்டி அவைக்குத்தான் குறை."

"என்னட்ட இருந்து என்ன வரும்?"

"எங்களுக்கும் தெரியாது. மிளகாயா இருந்தாலும் பரவாயில்லை," என்று சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே வெட்கப்பட்டார்.

அன்றே தலையணையின் உறையைக் கிழித்தேன். கடைசியாக அவரிடம் சொல்லிவிட்டுப் படுப்போம் என்று நினைத்தேன், எங்கே நின்று சொல்வதென்று தெரியவில்லை. வாசலைப் பார்த்து, "இந்த ஊருக்கு வாங்கோ, நான் இஞ்சதான் இருப்பன்," என்றேன்.

குடில் நான் நினைத்ததுபோல இல்லை. பகிடி பண்ணியதற்கு வெட்கப்பட்டேன். போனதும் யாரோ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அவ்வளவுதான், வரவேற்பு முடிந்தது. நெருப்பு மெல்ல வெடித்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்தது, அவசரமில்லாமல், யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத மாதிரி. கோப்பிக் கோப்பை கையிலிருந்து கைக்கு வந்தது. பாண் வாசம் வந்தது. ஒருநாள் கூரையில் மழை பெய்தது, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது, ஆனாலும் அவருடைய தோள் அங்கே இருக்கிறது என்று தெரியும். இந்த நாட்டு மனிதர்கள் பேசாமல் இருப்பது வெறுப்பினால் அல்ல, அது அவர்கள் மற்றவருக்குக் கொடுக்கிற இடம் என்பது எனக்கு அங்கே இருந்துதான் விளங்கியது.

மாதங்கள் போகப்போக நானும் ஆறிப்போனேன். தொழிற்சாலையில் வளவளவென்று அலட்டுவதைக் குறைத்தேன். கறிக்கு உறைப்புக் குறைந்தது, குறைந்தது எனக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன், ஏதும் செய்தியோ என்று. இப்போது அடித்து ஓய்ந்தபிறகு யார் என்று பார்த்தேன். ஒருநாள் தலை வாரும்போது, இவருடைய குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. வரவில்லை என்பதற்குக்கூட எனக்குப் பெரிதாக நோகவில்லை. அதுதான் விலை என்று அப்போது தெரிந்தது. நோகாமல் வாங்கிக்கொள்கிற விலை.

குளிர்காலம் வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் சூரியன் எழும்புவதில்லை. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும், அதற்குள் கடைக்குப் போய் வந்துவிட வேண்டும். ஒருநாள் என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவளுக்குப் பதிலாக நான் இரவு வேலைக்குப் போனேன். காலை பத்து மணிபோல வந்து குளித்து, பொட்டு வைத்து, தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

இங்கர் நின்றாள், பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இத்தனை வருடத்தில் அவள் என் கதவைத் தட்டியதே இல்லை. நோர்வேயில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் வீடு எரியவேண்டும், அதுவும் தட்டுகிறவரின் வீடு.

"உள்ள வரலாமோ?" என்றாள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். "இரவு நீ குடிலுக்கு வரேல்லை. வாங்கில எனக்குப் பக்கத்தில உன்ர இடம் வெறுமையாக் கிடந்தது."

"இரவு வேலை. நான் இனித்தான் படுக்கோணும். பகலில படுத்தால் குடில் வரும், ஆக்கள்தான் இருக்கமாட்டினம்."

அவள் தலையாட்டினாள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இரவு ஒராள் வந்தவர்."

"எங்க?"

"குடிலுக்கு. கதவைத் திறந்துகொண்டு. அங்க ஒரு கதவு இருக்கிறதே எங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாது. தெப்பமா நனைஞ்சுபோய் நிண்டவர். ஒவ்வொரு முகமாப் பாத்துக்கொண்டு வந்தவர். ஆரையோ தேடுறார் எண்டு நினைச்சன். அந்த ஆள் அங்க இல்லை எண்டு தெரிஞ்ச உடன அவருக்கு ஒரு ஆறுதல். வடிவாப் பாத்தனான், ஆறுதல்தான். பிறகு எங்களிட்டக் கேட்டவர்."

"என்ன கேட்டவர்?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன்.

"சாப்பிட ஏதும் இருக்கோ எண்டு."

இங்கர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனாள், என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவள்.

"அந்தக் குடிலில கோப்பியைத் தவிர ஒண்டும் இருந்ததில்லை. ஆனா கேட்ட உடன எல்லாருக்கும் வெக்கமாப் போச்சு, ஒராள் பசியோட நிக்கிறார் எண்டு. பாத்தா அடுப்பில மீன் சூப் கொதிக்குது. ஆரோ பாண் வெட்டினவை. கரண்டி குடுத்தனாங்கள், அவர் வாங்கேல்லை, பாணைப் பிச்சு நனைச்சுக் கையால சாப்பிட்டவர். அவர் மட்டும் அப்பிடிச் சாப்பிட்டால் சங்கடப்படுவார் எண்டு நாங்களும் கையால சாப்பிட்டம். நாடு முழுக்க. எனக்கு எழும்பினாப்பிறகும் விரலில மீன் மணக்கிற மாதிரிக் கிடந்தது." கொஞ்சம் சிரித்தாள். "திருப்பித் திருப்பி வாங்கிச் சாப்பிட்டவர். கனநாள் பசிபோல."

கனநாள் பசி. அந்தச் சப்பாத்துகளுக்கு நடுவே நின்றுகொண்டு, என் சோற்றுப்பானை மணக்க மணக்க, சாப்பிட்டிட்டன் சாப்பிட்டிட்டன் என்று சொன்ன மனிதர். எங்கள் வீட்டு நம்பிக்கை அவருக்குத் தெரியும். கேட்டால் நான் என்ன நினைப்பேன் என்று தெரியும். பசியை வைத்துக்கொண்டு என்னைச் சுமங்கலியாக வைத்திருந்திருக்கிறார். நான் இல்லாத ஒரு நாள் பார்த்து ஓர் அந்நிய நாட்டிடம் கை நீட்டியிருக்கிறார். ஹோக்கொனைக் கேட்டால், அது உங்கள் ஆழத்திலிருந்து வந்ததுதான், நீங்களே அறிந்திருந்ததுதான் என்பார். இருக்கலாம். எனக்கு அது எல்லாம் ஒன்றுதான். அவருடைய குரல் எனக்கு அப்போது திரும்பக் கேட்டது.

"கந்தோர்க்காரர் காலமையே குடிலில இருந்த எல்லாரிட்டயும் கேட்டவை, அந்த ஆளைக் கனவில இருந்து எடுத்துவிடட்டோ எண்டு," என்றாள் இங்கர். "நாங்கள் வேண்டாம் எண்டிட்டம். குளிருக்க நிக்கிறவரை வெளிய விடுறதே?"

"அவர் வேற ஏதும் சொன்னவரோ?"

"போகேக்க ஒண்டு சொன்னவர். தன்ர மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு. ஆர் மனிசி எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "உங்கட நாட்டு ஆள் மாதிரித் தெரிஞ்சுது. அதுதான் கேக்க வந்தனான். உனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி, அவளுடைய அந்த அசையாத தோளில் விழுந்து கத்தி அழுதிருக்கலாம். ஆனால் மனிசிக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால், பிறகு என்ன முகத்தோடு அந்தக் கதவைத் திறப்பார்? பழையபடி வாசலில் நின்று சாப்பிட்டிட்டன் என்பாரே.

"இல்லை, எனக்குத் தெரியாது," என்றேன்.

இங்கர் தலையாட்டினாள். எழுந்து சப்பாத்தைப் போடக் குனிந்தாள். நிமிர்ந்து என் கையை ஒருமுறை தொட்டாள். அவளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

"இங்கர்," என்று கூப்பிட்டேன். "எங்கட நாட்டு ஆக்கள் உறைப்பு இல்லாட்டி வயிறாரச் சாப்பிடமாட்டினம். திருப்பி வந்தால் சூப்புக்கு மிளகாய்த்தூள் போட்டுக் குடுங்கோ."

"எவ்வளவு?" என்றாள், கணக்கு டீச்சர் அல்லவா.

"உங்களுக்குக் கண்ணால தண்ணி வருமட்டும்."

அவள் போனபிறகு நெற்றியில் இருந்த பொட்டைக் கழுவிக்கொண்டேன். நீல வெளிச்சம் வந்திருந்தது. அது போவதற்குள் தொழிற்சாலைக்கு நடந்து போய், இனிமேல் எனக்கு இரவு வேலையே தாருங்கள் என்று கேட்டேன்.